டேங்க் இக்மேயின் முறை

மத்னோக் துறைமுகத்தில் புயலால் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கடைக்காரிக்கு என்ன கவலை, கூட்டம் கூடினால் வியாபாரம்தானே என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறவர்கள் ஒருநாள் என் இடத்தில் நின்று பார்க்கட்டும். சாலை நெடுக லாரியும் பஸ்ஸும் ஒன்றின் பின்னால் ஒன்றாக மைல் கணக்கில் நிற்கும். குழந்தைகள் அழும், கக்கூஸில் தண்ணீர் தீர்ந்துபோகும், கல்யாணத்துக்குப் போகிறவன், பரீட்சைக்குப் போகிறவன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் எல்லோரும் என் கடை வாசலில் வந்து நின்று "எப்ப கப்பல் விடுவாங்க?" என்று என்னையே கேட்பார்கள். ஏதோ புயலை நான்தான் கட்டி வைத்திருக்கிற மாதிரி. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. காற்று கொஞ்சம் உரக்க அடித்தாலே கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்ப்பவள். அத்தனை பேர் கவலையும் சேர்ந்துகொண்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படி மாட்டிக்கொள்கிறவர்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இக்மே இருப்பான். மணிலாவிலிருந்து வந்து, இங்கே பஸ்ஸையே கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டி, தக்லோபானுக்கு ஓட்டுகிறவன். குட்டை உருவம், தொப்பை, எப்போதும் தோளில் ஒரு துண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் சமார் தீவில் வீடு, பெண்டாட்டி, மூன்று பெண்கள். வாய் ஓயாமல் பேசுவான். தெரிந்தவன், தெரியாதவன் என்றெல்லாம் பார்க்க மாட்டான். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தால் ஐந்தாவது நாற்காலி அவனுடையது. லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் டேங்க். எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே போகும், வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் அந்தப் பெயர்.

எங்கள் பக்கத்தில் குடிப்பது என்றால் ஆளுக்கொரு குவளை கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சின்னக் கண்ணாடிக் குவளை. ஒருத்தர் ஊற்றுவார், வட்டத்தில் முறைப்படி சுற்றி வரும். என் கடையில் ஊற்றுவது நான்தான். ஜின்னோடு பம்பளிமாஸ் ஜூஸ் பொடி, ஐஸ், நாலைந்து சின்ன எலுமிச்சை. ஜாடியில் கலக்கினால் வெளிறிய மஞ்சளாக வரும். ஜின்பொம் என்று சொல்வோம். அந்த ஜாடி மேஜைக்கு வந்துவிட்டால் போதும், முன்பின் தெரியாதவன்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். முதல் சுற்றில் எந்த ஊர் என்று கேட்பார்கள். இரண்டாவது சுற்றில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரிந்துவிடும். மூன்றாவது சுற்றில் ஒருத்தனாவது அழுவான். மறுநாள் கப்பல் ஏறிப் போனால் வாழ்நாளில் மறுபடி பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வருகிற முறையை வேண்டாம் என்று தள்ளுவது மட்டும் கூடாது. தள்ளினால் உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இவர் முறையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொருத்தர் சொல்லிக் குடித்துவிடலாம். பெரும்பாலும் பெண்களுக்காக ஆண்கள் வாங்குவார்கள். பஸ் ஓட்டுகிற ஒரு ஆம்பளை தன் முறையை அடுத்தவனிடம் தள்ளிவிட்டால் அப்புறம் அவன் மத்னோக்கில் தலைகாட்ட முடியாது.

இப்போது இக்மேயின் விஷயத்துக்கு வருகிறேன். டேங்க் என்று பெயர் வாங்கிய அந்த மனிதனுக்கு ஜின் ஆகவே ஆகாது. ஒரு வாய் உள்ளே போனால் கழுத்திலிருந்து காது வரை தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி மூச்சு இழுக்கும். இந்தத் தடத்தில் புதிதாக ஓட்ட வந்தபோது ஒருநாள் உண்மையைச் சொல்லித் தள்ளியிருக்கிறான். யாரும் நம்பவில்லை. பஸ்காரனுக்குக் கொழுப்பு என்று எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு முழுநாளும் தனியாக உட்கார்ந்து சோறு தின்றான். சாயங்காலம் என் அடுப்படிக்கு வந்து நின்றான்.

"அக்கா, எனக்குக் குடிக்க வராது. ஆனா நாலு பேர் பேசுற இடத்துல உக்காராம என்னால இருக்கவும் முடியாது. ஏதாவது பண்ணுங்க."

பண்ணினேன். மேஜையில் ஒரு ஜாடி, கல்லாப் பலகைக்குக் கீழே இன்னொரு ஜாடி. கீழே இருப்பதில் வெறும் பம்பளிமாஸ் பொடியும் தண்ணீரும். நிறம் ஒன்றுதான். இக்மேயின் முறை வரும்போது ஐஸ் எடுக்கிற மாதிரி குனிந்து கண்ணாடியைக் கீழ் ஜாடியிலிருந்து நிரப்பிவிடுவேன். மூன்று வருஷமாக இது நடந்தது. ஒவ்வொரு தடவை குனியும்போதும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்குக் கை நடுங்கும். அவன் பாட்டுக்கு வாயைத் துடைத்துக்கொண்டு "கொஞ்சம் ஸ்ட்ராங்குதான் இன்னைக்கி" என்பான். அடித்துக் கொல்லலாம் போல இருக்கும்.

அந்த அக்டோபரில் புயல் கிழக்கே கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாளே கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மதியம் காற்று தணிந்தது, ஆனால் உத்தரவு வரவில்லை. இன்றைக்கு இனி விட மாட்டார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். வட்டம் கூடிவிட்டது. பாடோங் அண்ணன், அவரோடு வெங்காய லாரி ஓட்டுகிற இரண்டு பேர், இக்மே. பாடோங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் லாரிகளின் வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை, பாடோங் சொன்னால் அதுதான் வரிசை. அவர்தான் டேங்க் என்று பெயர் வைத்தவர். அந்தப் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்த மாதிரி பெருமையாகச் சொல்லுவார். "மாயோன் எரிமலையே சரிஞ்சாலும் சரியும், எங்க டேங்க் சரிய மாட்டான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக் காட்டுவார்.

வழக்கம்போல முதல் கண்ணாடியை, நம்மோடு இல்லாதவர்களுக்கு என்று தரையில் ஊற்றிவிட்டு, சுற்றை ஆரம்பித்தேன்.

அப்போதுதான் லிட்டா வந்தாள். இக்மேயின் பஸ்ஸில் வந்த பயணி. முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு காலையிலிருந்து அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தாள். கப்பல் எப்போது என்று என்னிடமே பல தடவை கேட்டாள். சட்டையில் சின்னதாக ஒரு கறுப்புத் துணியைக் குத்தியிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவளைக் கோபிக்க மனம் வரவில்லை. செத்த வீட்டுக்குப் போகிறவளிடம் என்ன கோபம்.

இக்மே கண்ணாடியை வாயில் கவிழ்த்ததை அவள் பார்த்துவிட்டாள். நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தாளு எங்க பஸ் டிரைவர்தானே?"

"ஆமா."

"குடிக்கிறாரே."

"கப்பல்தான் இல்லையேம்மா. இன்னைக்குப் போற மாதிரி தெரியல. நாளைக்குள்ள தெளிஞ்சிருவாரு."

வேறு என்ன சொல்வது. கைக்கெட்டும் தூரத்தில் பாடோங் உட்கார்ந்திருக்கிறார். குடிக்கவில்லை அம்மா, வெறும் ஜூஸ்தான் என்று நான் வாயைத் திறந்தால் இக்மேயின் மானம் அங்கேயே போய்விடும். அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. பையைத் தோளில் மாட்டினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து பாடோங்குக்கும் இக்மேக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"இவரு முறையை நான் வாங்கிக்கிறேன்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாடோங் முதலில் சிரித்தார்.

"யாரும்மா நீ? டேங்குக்கு அக்காவா, தங்கச்சியா?"

"பஸ்ல பதினாலாம் நம்பர் சீட்டு."

"அவனுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. நீ போய்ப் படு."

"வேணாம். அவரு முறை வரும்போதெல்லாம் எனக்குக் குடுங்க. அப்படி வாங்கலாம்தானே?"

வாங்கலாம். யாரும் மறுக்க முடியாது. இக்மே என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வட்டம் சுற்றி அவன் முறை வந்தது. நான் எந்த ஜாடியிலிருந்து ஊற்றுவது? ஜூஸை ஊற்றினால் ஒரு வாய் குடித்ததும் "இது வெறும் ஜூஸாச்சே" என்று சொல்லிவிடுவாள். சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த ருசி தெரியும். ஜின்னை ஊற்றினால் அவள் குடித்தாக வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் மேஜை ஜாடியிலிருந்தே ஊற்றினேன். ஒரு கண்ணாடிதானே, அதோடு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினாள். ஓடவில்லை. கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள்.

"பழக்கம் இல்லையா?" என்றார் பாடோங், கடலைத் தட்டை அவள் பக்கம் தள்ளி.

"இன்னைக்குத்தான் முதல் தடவை."

"இந்தப் பய மேல அவ்வளவு அக்கறையா?"

"இவரு மேல இல்ல. அந்தப் பஸ் மேல."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். இக்மே மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, நான் இனிமே தொட மாட்டேன். சத்தியமா. நீ எந்திரி" என்றான்.

"எங்கப்பாவும் இப்படித்தான் சொல்வாரு" என்றாள் அவள்.

அடுத்த சுற்றில் அவளுக்கு அரைக் கண்ணாடி மட்டும் ஊற்றி மீதியை ஐஸால் நிரப்பினேன். பாடோங்குக்குக் கழுகுக் கண். "என்னக்கா, அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஓரவஞ்சனை? முழுசா ஊத்துங்க" என்றார். ஊற்றினேன்.  மூன்றாவது சுற்றுக்கு இக்மே எழுந்து வறுத்த மீன் எடுத்து வருகிற சாக்கில் அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, அவளுக்கு ஏன் அந்த ஜாடியிலேர்ந்து ஊத்துறீங்க?"

"கீழ இருக்கறதுலேர்ந்து ஊத்தினா ஜூஸுன்னு சத்தமாச் சொல்லுவா. அப்புறம் பாடோங் மூஞ்சில எப்படி முழிப்ப?"

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"சொல்லிரட்டுமா?"

"சொல்லேன். நானா வேண்டாங்குறேன்?"

சொல்லவில்லை. மீன் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். ஆண்கள் இதற்கெல்லாம் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தனியாக உட்கார்ந்து சோறு தின்ற அந்த நாளை நானும் பார்த்திருக்கிறேன்.

அதற்குள் லிட்டாவுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. காலையிலிருந்து கப்பல், கப்பல் என்பதைத் தவிர வேறு பேசாதவள், முன்பின் தெரியாத நாலு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சமாரில், கல்பயோகுக்கு முன்னால் சாலையோரத்தில் அவள் வீடு. அப்பா கெரார்தோ ஜீப்னி என்கிற பயணிகள் ஜீப் ஓட்டியவர். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே குடிப்பார். சின்ன வயதில் இவள் பாட்டிலைத் திருடிக்கொண்டு போய் மணலில் கொட்டிவிடுவாள். பெல்ட்டால் அடி விழும். அடி பொறுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் கொட்டுவதை விட்டுவிட்டாள். அந்த வருஷ ஊர்த் திருவிழா அன்று அவர் இவளுடைய அக்கா நெனிங்கை முன் சீட்டில் உட்கார வைத்து ஓட்டினார். பாலத்தில் வண்டி புரண்டது. அவர் பிழைத்துக்கொண்டார், நெனிங் பிழைக்கவில்லை.

"நான் மணிலாவுக்குப் போனதுக்கப்புறம் அவரோட பேசல. கிறிஸ்துமஸுக்கு ஃபோன் பண்ணுவாரு. எடுக்க மாட்டேன். அடிச்சு அடிச்சு நின்னுடும்." விரலால் மேஜையில் இருந்த ஈரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "நாளைக்குக் காலையில அவரை எடுக்குறாங்க. எனக்காக ரெண்டு நாள் தள்ளி வெச்சாச்சு, இனி வெச்சிருக்க முடியாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. பெட்டிய மூடுறதுக்குள்ள மூஞ்சியப் பாக்கணும்."

"பாத்து?" என்றார் பாடோங். கிண்டலாகக் கேட்கவில்லை.

"தெரியல. திட்டுவேனோ அழுவேனோ. எதுவானாலும் நேருக்கு நேரா பண்ணணும்ல?"

 இக்மே தலையைக் குனிந்துகொண்டான். அவன் முறை மறுபடி வந்தது. அவள் கையை நீட்டினாள். நான் ஜாடியைத் தூக்காமல் நின்றேன். இதற்கு மேல் ஊற்ற எனக்கு மனமில்லை. ஜாடியில் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே துறைமுக ஒலிபெருக்கி கரகரத்தது.

கடல் சரியாகிவிட்டது, கப்பல் விடுகிறார்கள். காலியாக நிற்கும் முதல் கப்பலில் பஸ்கள், பயணிகள் மட்டும். லாரிகள் அடுத்ததில். யாரும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலிகள் கவிழ்ந்தன. சாலை முழுக்க என்ஜின் சத்தம். இக்மே பஸ்ஸை நோக்கி ஓடினான். லிட்டாவும் எழுந்தாள், எழுந்த வேகத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"அய்யோ" என்றாள் மெதுவாக. "அக்கா, என்னால நிக்க முடியல."

கடையை அப்படியே போட்டுவிட்டு அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கினேன். அந்தப் பக்கம் பாடோங் பிடித்துக்கொண்டார், அவரே லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தார். பஸ்கள் ஒரு வாசல் வழியாக உள்ளே போகும், பயணிகள் இறங்கி இன்னொரு வாசல் வழியாக நடந்து போக வேண்டும். வாசலில் கப்பல் காவலர் நின்றிருந்தார். வாட்டசாட்டமான இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"இவங்க ஏற முடியாதும்மா. குடிச்சிருக்காங்க. அலை இன்னும் பெருசாத்தான் இருக்கு. தளத்துலேர்ந்து விழுந்தா யாரு பதில் சொல்றது? தூங்கிட்டு நாளைக்கு வரட்டும்."

"நாளைக்கு வந்தா எங்கப்பாவைப் புதைச்சிருப்பாங்க" என்றாள் லிட்டா.

அவர் அவள் சட்டையில் இருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு யோசனை சொன்னார். குடிக்காத ஒருத்தர் இவளுக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டு கரை சேரும் வரை பக்கத்திலேயே இருந்தால் விடலாம்.

"யாராவது இருக்கீங்களா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

அதே பஸ்ஸில் வந்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். ஒருத்தர் குழந்தையைச் சரிசெய்தார், ஒருத்தர் செல்போனை எடுத்துப் பார்த்தார். வாந்தி எடுக்கப் போகிற முன்பின் தெரியாத பெண்ணுக்கு யார் பொறுப்பு ஏற்பார்கள். நான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் உடம்பெல்லாம் ஜின் கொட்டிய வாடை, காவலர் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். வரிசை நகர ஆரம்பித்தது. லிட்டா வாசல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் ஊற்றியது அத்தனையும் அந்த விரல்களில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இக்மேயின் பஸ் பக்கத்து வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவனை யாரும் கேள்வி கேட்கவில்லை, கையைக் காட்டி உள்ளே விட்டுவிட்டார்கள். அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் நின்றது. கதவைத் திறந்து இறங்கி வந்தான்.

"நான் பொறுப்பு ஏத்துக்குறேன்" என்றான்.

காவலர் சிரித்துவிட்டார். "நீங்களா? கொஞ்சம் முன்னாடி அந்தக் கடையில வட்டத்துல உக்காந்திருந்தீங்களே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் குடிக்கல."

"அவன் குடிச்சான் சார்" என்றார் பாடோங், உதவி செய்கிற நினைப்பில். "ஆனா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க டேங்க்குன்னுதான் கூப்பிடுவோம்."

"ஊதச் சொல்லுங்க" என்றான் இக்மே. "மெஷினைக் கொண்டுவாங்க, ஊதறேன்."

நான் அவன் கையைப் பிடித்தேன். பாடோங் பக்கத்திலேயே நிற்கிறார் என்று கண்ணால் காட்டினேன். தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அவன் முகம் வேர்த்துக் கொட்டியது. மெஷின் வந்தது. வரிசையில் நின்றவர்கள், லாரிக்காரர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கன்னம் உப்ப ஊதினான். காவலர் எண்ணைப் பார்த்தார், மெஷினைத் தட்டினார், இன்னொரு தடவை ஊதச் சொன்னார். இரண்டு தடவையும் பூஜ்யம்.

"ஒரு சொட்டுக்கூட இல்லையே" என்றார்.

பாடோங் அந்த மெஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இக்மேயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊற்றுகிறவள் நான்தானே.

"மூணு வருஷம்" என்றார். அவ்வளவுதான். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரியை நோக்கி நடந்துவிட்டார்.

லிட்டாவுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் ஏறியது. கம்பியைப் பிடித்தபடியே இக்மேயை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க குடிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப நான் எதுக்குக் குடிச்சேன்?"

இக்மே ஓடிப்போய்ப் பஸ்ஸைக் கப்பலில் ஏற்றி நிறுத்திவிட்டு வந்தான். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கையைப் பிடித்து வாசலுக்குள் அழைத்துப் போனான். நான் ஓடிப் போய் ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பாடோங் என் கடைப் பக்கம் வரவில்லை. எதிர்க் கடையில் உட்கார்ந்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு காபி குடிப்பார். மற்ற லாரிக்காரர்களும் அங்கேயே போய்விட்டார்கள். எனக்குத் தினமும் பயம். அவள் போய்ச் சேர்ந்தாளா, பெட்டியை மூடிவிட்டார்களா, வழியில் ஏதாவது ஆயிற்றா என்று ஒன்றும் தெரியாது. இக்மேயும் வரவில்லை. இனி வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் மறுபடி கப்பலை நிறுத்தினார்கள். மத்தியானம் கடை வாசலில் அவன் வந்து நின்றான், அதே துண்டு. பாடோங் எதிர்க் கடையிலிருந்து புகையிலை வாங்க என் பக்கத்துக் கடைக்கு வந்தவர், அங்கேயே நின்றுகொண்டார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"அவ வீடு போய்ச் சேந்தாளா?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இக்மே உட்கார்ந்தான். பாடோங் காதில் விழட்டும் என்றோ என்னவோ கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

"கப்பல்ல பூரா வாந்தி. நான் பையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கரை சேந்தப்ப தெளிஞ்சிருச்சு. இருட்டுறதுக்குள்ள அவங்க வீட்டு வாசல்லயே பஸ்ஸை நிறுத்திட்டேன், பஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லல. வாசல்ல தார்ப்பாய் கட்டி, லைட்டு போட்டு, செத்த வீட்டுல வழக்கம்போல சீட்டாட்டம் நடக்குது. ஒரு பக்கம் அப்பாவோட சிநேகிதக்காரங்க, எல்லாம் பழைய ஜீப்னி டிரைவருங்க, வட்டமா உக்காந்திருக்காங்க. இவளப் பாத்ததும் எல்லாம் கப்சிப்."

"பெட்டி?"

"மூடல. சொல்றேன் இருங்க. வட்டத்துல ஒரு நாற்காலி காலியா விட்டிருந்தாங்க. ஊத்துறவரு ஒரு கண்ணாடி நிரப்பி, இது கெரார்தோவோட முறைன்னு சொல்லி அந்த நாற்காலிக்கு முன்னாடி வெக்கிறாரு. இவ நேரா பெட்டிகிட்டப் போவான்னு நெனச்சேன். போகல. வட்டத்துக்குள்ள போயி நின்னா. எங்கப்பா முறையை நான் வாங்கிக்கிறேன்னு சொன்னா. எடுத்துக் குடிச்சா. நின்னுக்கிட்டேதான் குடிச்சா. அப்புறந்தான் பெட்டிகிட்டப் போயி, முகத்துக்கு மேல இருந்த கண்ணாடித் தகட்டுல கையை வெச்சுக்கிட்டு, போதும்ப்பான்னு சொன்னா."

"அவ்வளவுதானா?"

"நான் கேட்டது அவ்வளவுதான். அதுக்கப்புறம் அழ ஆரம்பிச்சுட்டா. நான் வந்துட்டேன், பஸ் நிக்குதில்ல."

 கைக்குக் கிடைத்த கரித்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், முகமெல்லாம் கரி. இக்மேகூட அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

பாடோங் புகையிலையைச் சட்டைப்பையில் போட்டார். மெதுவாக வந்து ஒரு நாற்காலியை இழுத்து இக்மேக்கு எதிரில் உட்கார்ந்தார். 

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேன் அண்ணே. முதல் வருஷமே. நீங்கதான் எந்திரிச்சுப் போனீங்க."

 பாடோங் தாடையைச் சொறிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஊத்துங்க."

"எதுலேர்ந்து?"

"எனக்கு என்னோடது. இவனுக்கு இவனோடது. ரெண்டு ஜாடியையும் மேஜை மேலேயே வைங்க. இனிமே நீங்க குனிய வேணாம், இடுப்பு வலிக்கப்போவுது."

கல்லாப் பலகைக்குக் கீழே இருந்த ஜாடியை எடுத்து வந்து மற்றதன் பக்கத்தில் வைத்தேன். முதல் கண்ணாடியைத் தரையில் ஊற்றினேன். அடுத்தது இக்மேயின் முறை. கை நடுங்காமல் நிரப்பிக் கொடுத்தேன், அவன் வாங்கிக் குடித்தான்.